எஸ்970-ஐக் கொடுத்துவிட்டு எஸ்எக்ஸ்900 வாங்கலாமா? குழம்பிப்போய் நிற்கிறேன்

களியக்காவிளை கீஸ்

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் மற்றவர்கள் எழுதுவதை வாசித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவன், இப்போது எனக்கே யோசனை கேட்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது யமஹா பிஎஸ்ஆர்-எஸ்970 கீபோர்டு. 2016-இல் புதிதாக வாங்கியது, அப்பா ரப்பர் ஷீட் விற்ற காசும் என் சீட்டுக் காசும் சேர்த்து. ஞாயிறு காலை ஊர் சபையில் ஆராதனைக்கு வாசிக்கிறேன், சில வாரம் மாலையில் கன்வென்ஷன் இருக்கும். தை பிறந்தால் சித்திரை வரை பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் கோயில் உற்சவங்களில் கானமேளா என்கிற மேடைப் பாட்டுக் கச்சேரி (சபையில் ஒன்றிரண்டு பேர் முகம் சுளிப்பார்கள், அது வேறு கதை). இடையிடையே கல்யாண ரிசப்ஷன், அதற்கு நானும் ஒரு பாடகனும் மட்டும்தான் போவோம், மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் கீபோர்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இப்போது பிரச்சினை என்னவென்றால் நடுவில் நாலைந்து கட்டைகள் சொன்னபடி கேட்பதில்லை. மெதுவாக அமுக்கினாலும் பளார் என்று அடிக்கிறது. போன மாதம் திருவிருந்து நேரம், எல்லோரும் தலைகுனிந்து நடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள், நான் பியானோ டோனில் மெல்ல ஒரு கீர்த்தனையைத் தடவிக்கொண்டிருக்கிறேன், நடுவில் ஒரு ஈ நோட் மட்டும் சுத்தியலால் அடித்த மாதிரி விழுந்தது. போதகர் திரும்பிப் பார்த்தார். பார்த்ததோடு சரி, ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இன்னொன்று, நேர்மையாகச் சொல்கிறேன், பொறாமை. எங்கள் ட்ரூப்பில் இன்னொரு கீபோர்டு வாசிக்கும் சேட்டன் யமஹாவின் அடுத்த மாடலான எஸ்எக்ஸ்900 வாங்கிவிட்டார். திரையைத் தொட்டால் பாட்டு வருகிறது. நான் இருட்டில் பட்டனைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் கேட்டேன், என் கீபோர்டை முப்பதாயிரத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். நாகர்கோவிலில் ஒருவர் எஸ்எக்ஸ்900-ஐ ஒன்றேகால் லட்சத்துக்குச் செகண்ட் ஹேண்டில் தருகிறேன் என்கிறார். புதிதாக வந்த எஸ்எக்ஸ்920 எல்லாம் என் கைக்கு எட்டாது. கேட்க வேண்டியது இதுதான்: என்னிடம் முந்நூறுக்கு மேல் ரெஜிஸ்ட்ரேஷன் (ஒவ்வொரு பாட்டுக்கும் டோன், தாளம் எல்லாம் சேர்த்துச் சேமித்தது) இருக்கிறது, ஒன்பது வருஷ வேலை, அது அப்படியே அதில் ஏறுமா? நாதஸ்வரம், புல்லாங்குழல் எல்லாம் வீலை, அதாவது சுருதியை வளைக்கும் சக்கரத்தை, வைத்துத்தான் வளைத்து வாசிப்பேன், அதில் வீல் கிடையாது, ஜாய்ஸ்டிக்தான் என்கிறார்களே, கை பழகுமா? இல்லை, பேசாமல் கோர்க் பிஏ700 பக்கம் போய்விடலாமா?

கொழிஞ்சாம்பாறை ராகம்

தம்பி, நீ வாங்க முடிவு பண்ணிவிட்டாய், எங்களிடம் ஆசீர்வாதம் கேட்கிறாய், அவ்வளவுதானே. வாங்கு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எஸ்970 வந்தது 2015-இல். அதற்குப் பிறகு எஸ்975 வந்து போய், 2019-இல் எஸ்எக்ஸ்700-ம் 900-ம் வந்து, 2024-இல் 720-ம் 920-ம் வந்துவிட்டன. இன்று முப்பதாயிரம் சொல்கிற கடைக்காரன் அடுத்த ஓணத்துக்கு இருபதுகூடச் சொல்ல மாட்டான். போர்டு போய்விட்டால் ஸ்பேருக்கு எங்கே அலைவாய்? நான் எஸ்950-ஐப் பிடித்துக்கொண்டு இருந்து கடைசியில் அது ஒரு கல்யாணத்தில், வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மண்டபம், மாப்பிள்ளை அழைப்புக்கு நடுவில் திரை கறுத்து நின்றுபோனது. அன்று பாடகர் அரைமணி நேரம் ஜோக் சொல்லிச் சமாளித்தார். அவருடைய ஜோக்குகள் எவ்வளவு மோசம் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

நகரி ரிதம்

நான் நாலு வருஷமாக எஸ்எக்ஸ்900 வைத்திருக்கிறேன், அதற்கு முன் உங்களிடம் இருக்கும் அதே எஸ்970. அதனால் எனக்கு இதைப் பற்றிப் பேசக் கொஞ்சம் உரிமை உண்டு. நமக்கு இந்தப் பக்கம் பாதி கல்யாணம் தெலுங்கு, பாதி தமிழ், ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணிப் பக்கம் மேடை, ஒரே ராத்திரியில் இரண்டு மொழியும் வாசித்துவிட்டு வர வேண்டும். உபயோகம் கிட்டத்தட்ட உங்களுடையது மாதிரிதான்.

முதலில் நல்லது. எஸ்970-இல் வலது கைக்கு ரைட் 1, ரைட் 2 என்று இரண்டு டோன் மட்டும். இதில் ரைட் 3-ம் உண்டு. கேட்க சின்ன விஷயம், ஆனால் நாதஸ்வரத்துக்குக் கீழே ஸ்ட்ரிங்ஸ், அதற்கும் கீழே லேசாக இன்னொரு நாதஸ்வரம் என்று மூன்றாக அடுக்கினால் கல்யாண வீட்டில் மைக்செட்டுக்காரரே எட்டிப் பார்ப்பார். ரெஜிஸ்ட்ரேஷன் பட்டன் ஒரு பேங்குக்கு (தொகுப்புக்கு) எட்டு இருந்தது பத்தாக ஆகியிருக்கிறது. பிளேலிஸ்ட் என்று ஒன்று, பாட்டுப் பெயரைத் தொட்டால் அதற்கான ரெஜிஸ்ட்ரேஷன் வந்து நிற்கும். உங்கள் சேட்டன் தொடுவது அதுவாகத்தான் இருக்கும். எக்ஸ்பான்ஷன் மெமரி, அதாவது வெளியிலிருந்து டோன் ஏற்றும் இடம், உங்களுக்கு 512 எம்பி, இதில் 1 ஜிபி. தபேலா, டோலக், நம்ம தவில் எல்லாம் சாம்பிளாக ஏற்றுகிறவர்களுக்கு அந்த இடம் வேண்டும். கார்ட் லூப்பர் இருக்கிறது: நாலு பார் கார்டை ஒருதரம் வாசித்துப் பதிந்துவிட்டால் ஸ்டைல் (கீபோர்டு தானாக வாசிக்கும் பின்னணி) அதையே சுற்றிச் சுற்றி வாசிக்கும், இடது கை சும்மா. நான் அதைப் பிரமாதமான விஷயமாக நினைக்கவில்லை, வாங்கி ஆறு மாதம் தொடவே இல்லை. பிறகுதான் புரிந்தது, இடது கை சும்மா இருந்தால்தானே ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்க முடியும்.

அப்புறம் அந்த ஜாய்ஸ்டிக். இதில் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. வீலில் பெருவிரல் முன்னும் பின்னும் போகும். ஜாய்ஸ்டிக்கில் பிட்ச் இடமும் வலமும், மாடுலேஷன் (ஸ்வரத்தை அதிரவைப்பது) மேலும் கீழும். பத்து வருஷம் ஒரு திசையில் பழகிய கை, கல்யாணி மாதிரி ஒன்றை இழுத்து வாசிக்கும்போது பழைய திசைக்கே ஓடும். வளைய வேண்டிய ஸ்வரம் வளையாது, வேண்டாத இடத்தில் வைப்ரேட்டோ வந்து ஆடும். புல்லாங்குழல் என்று வாசித்தால் ஆட்டுக்குட்டி மாதிரி கேட்கும். எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. மெனுவில் எந்தப் பார்ட்டுக்கு மாடுலேஷன் வேண்டாமோ அதற்கு மட்டும் அணைத்து வைக்கலாம், அதை முதல் நாளே பண்ணிவிடுங்கள், பாதி அவஸ்தை குறையும். முழுசும் குறையாது.

ரெஜிஸ்ட்ரேஷன் விஷயத்தில் கவனம் வேண்டும். ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டால் திறக்கும். உள்ளே இருக்கும் யமஹாவின் சொந்த டோன்கள் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் நீங்கள் எக்ஸ்பான்ஷன் பேக்கிலிருந்து எடுத்த டோன் எதுவோ அது வராது, அந்தப் பேக் புதிய கீபோர்டிலும் இருந்தால்தான் வரும். ரெஜிஸ்ட்ரேஷன் டோனின் பெயரை நினைவில் வைப்பதில்லை, அது இருக்கும் பேங்க் எண்ணையும் புரோகிராம் எண்ணையும் வைத்துத்தான் தேடும். எண் மாறிப்போனால் தபேலா கேட்ட இடத்தில் வேறு ஏதோ வந்து நிற்கும், இல்லை, சத்தமே வராது. பேக்கை எக்ஸ்பான்ஷன் மேனேஜர் மென்பொருளில் வைத்திருக்கிறீர்கள் என்றால் அதே கம்ப்யூட்டரிலிருந்து புதிய கீபோர்டுக்கு மறுபடி உருவாக்கி ஏற்றலாம். காசு கொடுத்து வாங்கிய பேக் என்றால் அது உங்கள் பழைய கீபோர்டின் அடையாளத்தோடு கட்டிப்போட்டு இருக்கும், புதியதில் ஏறாது, விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். ஃப்ரெண்டு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தது என்றால்... அதை நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

களியக்காவிளை கீஸ்

நகரி அண்ணா, ஆட்டுக்குட்டி என்று படித்ததும் சிரித்துவிட்டேன், பிறகு பயம் வந்துவிட்டது. என் தபேலா, கஞ்சிரா, உடுக்கை எல்லாம் எக்ஸ்பான்ஷன் பேக்தான். கம்ப்யூட்டர்? அது 2020-இல் இடவப்பாதி மழையில் போனது. பேக் கீபோர்டுக்குள் மட்டும்தான் இருக்கிறது. அப்போ நான் மாட்டிக்கொண்டேனா?

நகரி ரிதம்

பேக்கின் மூல ஃபைல் வேறெங்கும் இல்லை என்றால், ஆமாம். கீபோர்டிலிருந்து திருப்பி எடுக்க முடியாது. பழைய மெயில், பழைய பென் டிரைவ் எல்லாவற்றையும் கிளறிப் பாருங்கள்.

கம்பம் மேடை

கோர்க் பற்றிக் கேட்டவருக்கு. நான் குமுளி, தேக்கடி ரிசார்ட்டுகளில் வாசிக்கிறவன், பிஏ700 என்னுடையது. அது 2017-இல் வந்த மாடல், சத்தம் அருமை, எடையும் பத்து கிலோவுக்குக் கீழேதான். உங்கள் எஸ்970 பதினொன்றரை கிலோ இருக்கும் இல்லையா, பஸ்ஸில் தூக்கிப் போகிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் அண்ணே, யமஹா ஸ்டைல் ஃபைல் இதில் நேராக ஏறாது, மாற்றி ஏற்றினாலும் மறுபடி உட்கார்ந்து சரி பண்ண வேண்டும். ரெஜிஸ்ட்ரேஷன் என்று இங்கே கிடையாது, இவர்கள் பாணி வேறு, பாட்டுக்குப் பாட்டு கீபோர்ட் செட்டும் சாங்புக்கும் முதலிலிருந்து கட்ட வேண்டும். ஜாய்ஸ்டிக்கும் இருக்கிறது, அதனால் வீலுக்காக இங்கே ஓடி வரவும் முடியாது. ஜெர்மன்காரர்களும் இத்தாலிக்காரர்களும் கேட்டால் ஆடும் பாட்டு எனக்கு வாரம் நாலு நாள் வேண்டும், அதற்கு இது போதும். முந்நூறு ரெஜிஸ்ட்ரேஷனைத் தூக்கி ஏலக்காய்த் தோட்டத்தில் புதைத்துவிட்டு வருகிறீர்கள் என்றால் வாருங்கள்.

கொல்லங்கோடு ஆர்மோனியம்

மக்களே, நானும் கொஞ்சம் சொல்லலாமா. (பாலக்காட்டுக் கொல்லங்கோடு இல்லை, நம்ம கடற்கரைக் கொல்லங்கோடு. கொழிஞ்சாம்பாறைக்காரர் உறவு கொண்டாட வேண்டாம்.) வயது அறுபத்திரண்டு, சபையில் ஆர்மோனியத்தில் தொடங்கியவன், இப்போதும் ஒரு கீபோர்டு வைத்திருக்கிறேன்.

இங்கே எல்லோரும் கீபோர்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்தப் பையன் என்ன வாசிக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. தம்பி, நீ வாசிக்கும் மூன்று இடத்தையும் எடுத்துக்கொள். கானமேளாவில் உனக்குப் பின்னால் ட்ரம்ஸ் உண்டு, ரிதம் பேட் உண்டு, தபேலா ஆள் உண்டு, பேஸ் கிட்டார் உண்டு. அங்கே உன் கீபோர்டின் ஸ்டைல் ஒரு நிமிஷமாவது ஓடுமா? ஓடினால் ட்ரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கி எறிவான். அங்கே உனக்கு வேண்டியது நாலு நல்ல ஸ்ட்ரிங்ஸ், ஒரு பிராஸ், ஒரு புல்லாங்குழல், ஒரு நாதஸ்வரம். அது எஸ்970-இல் இருக்கிறது, பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் நோட்டுகள், அதிலும் 128 தான், எஸ்எக்ஸ்900-லும் 128 தான்.

சபையில்? கீர்த்தனை பாடும் சபை, இழுத்தால் இழுக்கும், ஓடினால் ஓடும், பின்வரிசைப் பாட்டிமார் முன்வரிசைக்கு அரைத் தாளம் பின்னால் வருவார்கள். அங்கே ஸ்டைல் போட்டு நான் பட்டபாடு எனக்குத் தெரியும். மிஷின் நிற்காது, சபை நிற்கும். சிங்க் ஸ்டாப் என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை எத்தனை பேர் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள்? இடது கையை எடுத்தால் ஸ்டைல் நின்றுவிடும், கை வைத்தால் தொடங்கும். சரணம் முடிகிற இடத்தில் பாட்டிமார் வந்து சேரும் வரை கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கலாம். நான் இருபது வருஷமாக அதை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

இன்னொன்று, பழைய ராகக் கீர்த்தனைகளில் கார்டு முழுசாகப் பிடித்தால் இடிக்கும். காந்தாரம் பாட்டில் ஒன்று, மிஷின் பேஸிலும் கிட்டாரிலும் வேறொன்று. அதற்கு இடது கையில் ஸாவும் பாவும் மட்டும் பிடி. யமஹா அதையும் ஒரு கார்டாக எடுத்துக்கொள்ளும், நடுவில் காந்தாரத்தைச் சேர்க்காது. மேஜரா மைனரா என்ற சண்டையே வராது. இதற்கு எஸ்எக்ஸ்900 வேண்டாம், நீ பத்து வருஷத்துக்கு முன் வாங்கியதிலேயே இருக்கிறது.

மீதி இருப்பது ரிசப்ஷன். அங்கேதான் ஸ்டைல் நிஜமாக வேலை செய்கிறது. மாதத்துக்கு எத்தனை ரிசப்ஷன் வாசிக்கிறாய், ஒன்றா இரண்டா? அதற்காக ஒன்றேகால் லட்சமா? கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

கொழிஞ்சாம்பாறை ராகம்

ஐயா சொல்வது நியாயம்தான், ஆனால் ஆசை என்று ஒன்று உண்டே. ஐயாவே இப்போது ஆர்மோனியம் வாசிக்கவில்லையே!

கொல்லங்கோடு ஆர்மோனியம்

ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துவிட்டது. இல்லையென்றால் வாசித்துக்கொண்டிருப்பேன்.

செங்கோட்டை சர்வீஸ்

கீபோர்டு ரிப்பேர் பார்க்கிறவன். விற்பது வாங்குவது உங்கள் இஷ்டம், அந்தக் கட்டை விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அதைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.

கட்டை ஒவ்வொன்றுக்கும் அடியில் ரப்பர் பட்டை ஓடும், அதில் ஒரு கட்டைக்கு இரண்டு குமிழ், உள்ளே கரி தடவியிருக்கும். அமுக்கும்போது முதலில் ஒன்று கீழே உள்ள போர்டைத் தொடும், ஒரு இமைப்பொழுது கழித்து இரண்டாவது. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று பார்த்துத்தான் கீபோர்டு நீங்கள் மெதுவாக அமுக்கினீர்களா வேகமாகவா என்று முடிவு பண்ணுகிறது. தூசியோ ஈரமோ நடுவில் வந்து முதல் குமிழ் தாமதமாகத் தொட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் தொட்ட மாதிரி ஆகிவிடும். கீபோர்டுக்கு அது பலமான அடி. உங்கள் ஈ நோட் சுத்தியல் மாதிரி விழுந்தது அதனால்தான், உங்கள் கை மேல் தப்பில்லை, போதகரிடம் சொல்லிவிடுங்கள்.

சோதிக்க ஒரு வழி: மெனுவில் கீபோர்டு டச்சை (அமுக்கும் வேகத்துக்கேற்பச் சத்தம் மாறும் வசதியை) ஆஃப் பண்ணிவிட்டு அதே கட்டைகளை அமுக்குங்கள். எல்லாம் ஒரே அளவில் ஒழுங்காகச் சத்தம் வந்தால் கோளாறு ரப்பரில்தான், மெயின் போர்டில் இல்லை. சரி பண்ணும் வரை ஞாயிற்றுக்கிழமை டச் ஆஃப் பண்ணியே வாசிக்கலாம், ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ் மாதிரி டோன்களில் அது பெரிதாகத் தெரியாது. பியானோவில் தெரியும்.

வேலை என்னவென்றால், கவிழ்த்துப் போட்டு அடித்தட்டைக் கழற்றி, கட்டைகளை வரிசையாக எடுத்து, போர்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் பஞ்சு ஒட்டாத துணியில் துடைத்து, நன்றாக உலரவிட்டு, ரப்பரில் கரி தேய்ந்திருந்தால் அந்தப் பட்டையை மட்டும் மாற்றுவது. ரப்பரைச் சுரண்டக் கூடாது, கரி போனால் போனதுதான். போன வருஷம் ஆரியங்காவிலிருந்து ஒரு கீபோர்டு வந்தது, எட்டுக் கட்டை வேலை செய்யவில்லை. திறந்தால் ரப்பர் பட்டைக்கு அடியில் எறும்பு, முட்டையோடு. யாரோ பாயசம் குடித்துவிட்டுக் கை கழுவாமல் வாசித்திருக்கிறார்கள். துடைத்தேன், எட்டுக் கட்டையும் பேசின.

செகண்ட் ஹேண்ட் எஸ்எக்ஸ்900 பார்க்கப் போனால் இதையே அங்கேயும் பண்ணுங்கள். பியானோ டோன் போட்டு, 61 கட்டையையும் ஒன்றுவிடாமல், சத்தம் கேட்குமா கேட்காதா என்ற அளவுக்கு மெதுவாக அமுக்கிக்கொண்டே போங்கள். வேகமாக வாசித்துப் பார்த்தால் எல்லாக் கீபோர்டும் நல்ல கீபோர்டுதான். ஜாய்ஸ்டிக்கை விட்டதும் பிட்ச் சரியாக நடுவுக்கு வருகிறதா என்று ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். திரையின் நாலு மூலையையும் தொட்டுப் பாருங்கள். அடாப்டரைப் புரட்டிப் பாருங்கள், பிஏ-300சி என்று போட்டிருக்க வேண்டும், 16 வோல்ட். ஒருவர் லேப்டாப் அடாப்டர் பின் உள்ளே போகிறதே என்று 19 வோல்ட்டை மாட்டிவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். அதை என்னால் எழுப்ப முடியவில்லை.

உற்சவத்தில் ஜெனரேட்டர் லைனில் வாசிக்கிறீர்கள் என்றால் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிக்கொள்ளுங்கள், எந்தக் கீபோர்டாக இருந்தாலும். செண்டைமேளம் முடிந்து வெடிவழிபாட்டுக்கு லைட் எல்லாம் ஒன்றாகப் போடும்போது ஜெனரேட்டர் ஒரு மூச்சு வாங்கும், அந்த நேரம்தான் ரெஜிஸ்ட்ரேஷன் சேவ் பண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

களியக்காவிளை கீஸ்

எல்லோருக்கும் நன்றி, இரண்டு வாரம் பதில் போட முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நாகர்கோவிலுக்குப் போனேன். சர்வீஸ் அண்ணன் சொன்ன மாதிரி 61 கட்டையும் மெதுவாக அமுக்கினேன், விற்கிறவர் ‘என்ன தம்பி, கட்டையை எண்ணுகிறீர்களா’ என்று கேட்டார். கட்டை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. திரையும் நன்று. என் பென் டிரைவைச் சொருகி, ‘ரிசப்ஷன் 4’ பேங்கைத் திறந்தேன். ஸ்ட்ரிங்ஸ் வந்தது, பிராஸ் வந்தது, கேட்க என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மூன்றாவது பட்டனை அமுக்கினேன், அதில்தான் என் உடுக்கையும் கஞ்சிராவும். ஒன்றும் வரவில்லை. கட்டை கீழே போகிறது, மேலே வருகிறது, சத்தம் இல்லை. நகரி அண்ணா எழுதியது எல்லாம் தெரிந்துதான் போனேன், இருந்தாலும் ஒன்பது வருஷம் ஒரே இடத்தில் கை வைத்தால் வந்த சத்தம் வராமல் போனால் வயிற்றில் ஒன்று பிசைகிறது.

பிறகு நாதஸ்வரம் போட்டு ஜாய்ஸ்டிக்கைத் தொட்டேன். ஆட்டுக்குட்டிதான்.

வீட்டுக்கு வந்து கொல்லங்கோட்டு ஐயா கேட்டதற்குக் கணக்கு எழுதிப் பார்த்தேன். போன பன்னிரண்டு மாதத்தில் ரிசப்ஷன் பதினேழு. அதில் பாடகன் மைனஸ் டிராக் (பாட்டுக் குரல் இல்லாத பின்னணி இசை) கொண்டுவந்து நான் வெறுமனே மேலே மெலடி வாசித்தது ஒன்பது. ஆக முழுக்க என் ஸ்டைலை நம்பி ஓடியது எட்டு நாள். எட்டு நாளுக்கு ஒன்றேகால் லட்சம். எழுதிப் பார்க்கும் வரை எனக்கு மாதம் நாலு ரிசப்ஷன் வாசிக்கிற மாதிரி ஒரு நினைப்பு இருந்தது.

போன ஞாயிறு ஸாவும் பாவும் மட்டும் பிடித்து வாசித்தேன் ஐயா. சிங்க் ஸ்டாப்பும் போட்டேன். இரண்டாம் சரணத்தில் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன், பாட்டிமார் வந்து சேர்ந்தார்கள். ஆராதனை முடிந்து ஒரு பாட்டி வந்து ‘புது கீபோர்டா மக்கா’ என்று கேட்டார்.

இப்போதைக்கு இதையே சரி பண்ணி இந்த சீசனை ஓட்டுகிறேன். பேக் ஃபைலைத் தேடிக்கொண்டிருக்கிறேன், எனக்கு முதலில் அதை ஏற்றிக் கொடுத்த ஆள் இப்போது வளைகுடாவில், மெசேஜ் போட்டிருக்கிறேன். அது கிடைத்தால் சித்திரைக்குப் பிறகு மறுபடி இங்கே வந்து கேட்பேன், கொழிஞ்சாம்பாறை அண்ணன் ஆசீர்வாதத்தை அதுவரை பத்திரமாக வைத்திருக்கட்டும்.

செங்கோட்டை அண்ணே, டச் ஆஃப் பண்ணிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே எல்லாம் ஒழுங்காக வருகிறது. திங்கட்கிழமை கீபோர்டைக் கொண்டுவரட்டுமா? திருநெல்வேலி சுற்றி வருவதா, தென்மலை வழியா?

செங்கோட்டை சர்வீஸ்

தென்மலை வழி வாருங்கள், திருவனந்தபுரத்தில் தென்காசி பஸ் ஏறினால் நேராக வந்துவிடலாம். வளைவு அதிகம், கீபோர்டை மேலே கேரியரில் போடாமல் சீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். கட்டைப் பக்கம் கீழே அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடாப்டரை மறக்க வேண்டாம். காலையிலேயே வந்தால் சாயங்காலம் எடுத்துக்கொண்டு போகலாம், ரப்பர் பட்டை மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் ஒரு வாரம் ஆகும், அப்படியானால் அடுத்த ஞாயிறுக்கு வேறு கீபோர்டு பார்த்துக்கொள்ளுங்கள்.

கொல்லங்கோடு ஆர்மோனியம்

என்னுடையதை எடுத்துக்கொண்டு போ தம்பி. கை கழுவிவிட்டு வாசி.